ஆற்றில் தண்ணீர் ஏறினால் கப்பல் ஏன் நிற்கிறது?

வெள்ளத்தால் ஆற்றுக் கப்பல் பயணம் தடைபட்டது என்று கேட்டதும், சுழித்தோடும் நீரில் கப்பல் தத்தளிக்கும் காட்சிதான் மனதில் வரும். பெரும்பாலான தடங்கல்களில் அப்படி எதுவும் நடப்பதில்லை. ஆறு கரைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும், கப்பலிலும் பழுது இருக்காது. முன்னால் ஒரு பாலம் இருக்கும். அதன் அடியில் நுழைய நாற்பது சென்டிமீட்டர் குறையும். ஒரு வாரப் பயணத்தின் பாதியைப் பேருந்தில் கழிக்க வைக்க அந்த நாற்பது சென்டிமீட்டரே போதும்.

ஐரோப்பாவின் ரைன், மைன், டான்யூப் ஆறுகளில் ஓடும் பெரிய பயணிகள் கப்பல்களின் வடிவத்தைத் தீர்மானித்தவை லாக்குகளும் பாலங்களும்தான். (லாக் என்பது கப்பலை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டு.) இவற்றின் நீளம் 135 மீட்டர், அகலம் 11.4 மீட்டர். மைன்–டான்யூப் கால்வாயின் லாக்குகள் 12 மீட்டர் அகலமே என்பதால் கப்பலை அதற்கு மேல் அகலமாகக் கட்ட முடியாது. உள்ளே போனதும் இருபுறமும் முப்பது சென்டிமீட்டர்தான் மிஞ்சும். உயரத்திலும் இதே நெருக்கடி உண்டு. அந்தக் கால்வாயின் பாலங்களுக்கு அடியில் உறுதியாகக் கிடைக்கும் இடைவெளி 6 மீட்டர். மேல்தளத்தில் உள்ள எல்லாவற்றையும் மடக்கிவிட்டால் 6 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நிற்கும்படி மூன்று தளங்களை அடுக்கிக் கட்டுகிறார்கள். நீருக்கு அடியில் இருப்பது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் மட்டுமே. உயரத்தை இதற்கு மேல் குறைக்க வேண்டுமானால் ஒரு தளத்தையே எடுத்துவிட வேண்டியிருக்கும்.

பயணிகள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது நீர்மட்ட அளவுகோலை. ஆற்றங்கரையில் குறிப்பிட்ட இடங்களில் அளவுகோல்கள் உண்டு. அவை காட்டும் எண்கள் ஜெர்மனியில் பெகல்ஆன்லைன் தளத்தில் நாள் முழுவதும் புதுப்பிக்கப்படுகின்றன. அந்த எண் ஆற்றின் ஆழம் அல்ல. அளவுகோலின் பூஜ்யம் ஆற்றின் அடியில் இல்லை, முன்பே நிர்ணயித்த ஒரு மட்டத்தில் இருக்கிறது. ரைனில் காவ்ப் என்ற இடத்தில் அளவுகோல் 78 சென்டிமீட்டர் காட்டும்போது கப்பல் செல்லும் தடத்தின் ஆழம் சுமார் 1.90 மீட்டர். 2018 அக்டோபரில் அங்கே அளவு 25 சென்டிமீட்டருக்கு இறங்கியபோது, ஆறு வற்றி முழங்காலளவு ஆகிவிட்டது என்று பலர் நினைத்தார்கள். தடத்தில் அப்போதும் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் நீர் இருந்தது. பெரிய கப்பலுக்கு அது போதவில்லை என்பது வேறு விஷயம்.

பாலத்தின் உயரமும் ஆற்றின் அடியிலிருந்து எழுதப்படுவதில்லை. கப்பல் ஓடலாம் என்று அனுமதிக்கப்பட்ட உச்ச நீர்மட்டம் ஒன்று உண்டு. டான்யூபில் நீண்டகாலக் கணக்கின்படி ஆண்டில் ஒரு சதவீத நாட்கள், அதாவது மூன்று நான்கு நாட்கள் மட்டுமே எட்டப்படும் மட்டம் அது. அந்த நிலையில் பாலத்துக்கு அடியில் எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதைத்தான் வரைபடத்தில் எழுதுகிறார்கள். இன்றைய இடைவெளி வேண்டுமானால், வரைபட எண்ணோடு உச்ச மட்டத்துக்கும் இன்றைய மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாலத்தின் வரைபட இடைவெளி 5.20 மீட்டர், அந்த இடத்தின் உச்ச மட்டம் அளவுகோலில் 5.00 என்று வைத்துக்கொள்வோம். கப்பல் எல்லாவற்றையும் மடக்கி 5.95 மீட்டர் நிற்கிறது. பாதுகாப்புக்கு 20 சென்டிமீட்டர் வேண்டும். ஆக 6.15 தேவை, வரைபட எண்ணைவிட 95 சென்டிமீட்டர் கூடுதல். அளவுகோல் 4.05 காட்டும்வரைதான் இந்தக் கப்பல் போகலாம். அதிகாரிகள் ஆற்றை மூடுவதோ 5.00 தாண்டிய பிறகு. இடைப்பட்ட 95 சென்டிமீட்டர் ஏற்றத்தில் ஆறு திறந்தே இருக்கும், சரக்குப் படகுகள் ஓடும், உங்கள் கப்பல் மட்டும் கட்டிக்கிடக்கும்.

“அந்தப் படகு போகிறதே, நாம் ஏன் போகவில்லை?” என்று வரவேற்பு மேசையில் எழும் கோபமான கேள்விக்குப் பதில் இந்தக் கணக்கில் இருக்கிறது. சுமை ஏற்றிய சரக்குப் படகு நீரில் ஆழ அமிழ்ந்து, மேலே தாழ்வாக நிற்கும். பயணிகள் கப்பல் நேர்மாறு: கீழே ஆழம் குறைவு, மேலே உயரம் அதிகம். நிறுவனம் சாக்குச் சொல்கிறது என்று உடனே முடிவு கட்டுவது பெரும்பாலும் தவறு.

இதையே திருப்பினால், ஆறு மூடப்படவில்லை என்ற செய்தியைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் புறப்படுவதும் தவறு.

இந்தச் சிக்கல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. டான்யூபில் பெயர்போன இடம் ஷ்ட்ராவ்பிங்கிலிருந்து வில்ஸ்ஹோஃபன் வரையிலான எழுபது கிலோமீட்டர். ஜெர்மனியின் பவேரியாவில் மற்ற பகுதிகளில் அணைகள் நீர்மட்டத்தைப் பிடித்து வைக்கின்றன. இந்தத் துண்டில் அணை இல்லை, ஆறு தன் போக்கில் ஏறி இறங்கும். போகன் ரயில் பாலம் இந்தத் துண்டிலேயே இருக்கிறது. இன்னும் கீழே போனால் பாஸாவ் நகரப் பாலங்கள். மழை பெய்தால் பாலம் தடுக்கும், மழை பொய்த்தால் அதே இடத்தில் ஆற்றின் அடி தடுக்கும். நூரம்பெர்க்குக்கும் பாஸாவுக்கும் இடையே ஆட்களைப் பேருந்தில் ஏற்றும் அறிவிப்புகளில் பெரும்பகுதிக்கு இந்தத் துண்டே காரணம்.

பாஸாவில் இன் ஆறு டான்யூபில் கலக்கிறது. ஆல்ப்ஸ் மலையிலிருந்து வரும் இன், சராசரியாக டான்யூபைவிட அதிக நீரைக் கொண்டுவருகிறது. மே, ஜூனில் பனி உருகும் காலத்தில் கனமழையும் சேர்ந்தால் நிலைமை கைமீறும். 2013 ஜூன் 3 அன்று பாஸாவில் அளவுகோல் 12.89 மீட்டரைத் தொட்டது. 1501க்குப் பிறகு அந்த ஊர் காணாத உயரம். அதே வெள்ளத்தின் உச்சம் புடாபெஸ்டை அடைந்தது ஜூன் 9 அன்று, 8.91 மீட்டராக. இந்த ஆறு நாள் இடைவெளி பயணிக்கு உதவும் தகவல். புடாபெஸ்டில் ஏறப்போகிறவர் அங்கே வெயில் அடிக்கிறதா என்று பார்ப்பதைவிட, மேலே பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் சென்ற வாரம் பெய்த மழையைப் பார்க்க வேண்டும். கோடையும் வசந்தமும் மட்டுமே ஆபத்துக் காலம் என்றும் எண்ண வேண்டாம். 2024 செப்டம்பரில், பொதுவாக நீர் குறைவாக ஓடும் பருவத்தில், பெருமழையால் ஆஸ்திரியாவில் டான்யூப் போக்குவரத்து நின்று கப்பல்கள் வியன்னாவில் தங்கிவிட்டன. புடாபெஸ்டில் அப்போது நீர் 8.30 மீட்டர் வரை ஏறியது.

ரைனில் கதை வேறு. மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையில், கோட்டைகள் நிறைந்த அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஆற்றைக் கடக்கும் பாலமே கிடையாது. கீழே கோல்ன் பக்கத்துப் பாலங்களும் போதிய உயரம். ஆகவே அங்கே கப்பலை நிறுத்துவது பெரும்பாலும் சட்டம்தான். ஒவ்வொரு அளவுகோலுக்கும் இரண்டு குறிகள் வைத்திருக்கிறார்கள். கோல்னில் முதல் குறி 6.20 மீட்டர், இரண்டாவது 8.30, காவ்பில் 4.60, 6.40. முதல் குறியைத் தாண்டினால் கப்பல் கரையோரத்தை விட்டு நடு ஆற்றில், மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மிகாமல் போக வேண்டும். அலை கரைகளையும் வீடுகளையும் அரிக்கக் கூடாது என்பதே நோக்கம். இரண்டாவது குறியைத் தாண்டினால் யாருக்கும் அனுமதி இல்லை. முதல் குறியே கால அட்டவணையைக் கலைத்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெள்ளத்தை எதிர்த்து மேல்நோக்கிப் போகும் கப்பலுக்கு ஆற்றின் வேகமே பெரிய தடை, கீழ்நோக்கிப் போகும் கப்பலையோ வேகக் கட்டுப்பாடு பிடித்து வைக்கும். இரண்டு திசையிலும் ஏதாவது ஒரு நிறுத்தம் கைவிடப்படும்.

மைன் ஆறு முழுக்க லாக்குகளின் ஆறு. முகத்துவாரத்திலிருந்து பாம்பெர்க் வரை 34. பெருவெள்ளத்தில் அணைக் கதவுகளைத் திறந்துவிட்டு லாக்குகளை நிறுத்திவிடுவார்கள், அப்போது பாலத்தைப் பற்றிப் பேசவே இடமில்லை. அதற்குப் பிறகு வரும் 171 கிலோமீட்டர் கால்வாயின் பெரும்பகுதியில் ஆற்று வெள்ளம் கிடையாது. ஆனால் லாக்குகள் நிரம்பிக் காலியாகும்போது நீர்மட்டம் சற்று ஏறி இறங்கும். 6 மீட்டர் இடைவெளியில் அந்தச் சிறு ஏற்றத்தையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

கப்பலில் என்ன நடக்கிறது?

தாழ்ந்த பாலம் வருவதற்கு வெகு முன்பே மேல்தளத்தை மூடிவிடுவார்கள். படிக்கட்டில் சங்கிலி விழும். நாற்காலி, மேசை, குடை, பூந்தொட்டி எல்லாம் படுக்கவைக்கப்படும். நிழல் கூரையின் கம்பிகள் கீல்களில் சாயும். சுற்றுக் கம்பிவேலியைத் துண்டு துண்டாக, ஒவ்வொன்றின் ஊசியையும் கழற்றி, தளத்தோடு தளமாக மடக்குவார்கள். கொடிக்கம்பமும் ஆண்டெனாக்களும் அடுத்து. ராடார் கம்பமும் சுக்கான் அறையும் கடைசி, ஏனென்றால் கேப்டனுக்குப் பார்வை கடைசி வரை தேவை. சுக்கான் அறை ஹைட்ராலிக் தூண்களின் மேல் நிற்கிறது. மொத்த அறையும் தளத்துக்குள் இறங்கும். பல கப்பல்களில் கூரையில் ஒரு திறப்பு உண்டு. பாலம் வரும்வரை கேப்டன் அதன் வழியே தலையை நீட்டிப் பார்த்து ஓட்டி, நெருங்கியதும் உள்ளே இறங்கிவிடுவார். முன்முனையில் ஒரு பணியாளர் வாக்கிடாக்கியோடு நின்று தூரம் சொல்லிக்கொண்டிருப்பார்.

இதில் தவறு நடப்பது பெரிய இயந்திரத்தைவிடச் சின்னப் பொருளில்தான். மடங்காமல் இறுகிப்போன ஒரு வேலித் துண்டு, மூலையில் மறந்துபோன குடைக் கம்பு. மடக்கவே முடியாதவையும் உண்டு: லிஃப்ட் கூண்டின் கூரை, புகைபோக்கி மூடி, ஏசி இயந்திரங்கள். கப்பலின் உண்மையான உயரத்தை முடிவு செய்வது இந்த மடங்காத பொருள்களில் உயரமானது. சுக்கான் அறை எவ்வளவு இறங்கினாலும் அதற்குக் கீழே உயரம் குறையாது.

மேல்தளம் மூடப்பட்ட நேரத்தில் படம் எடுக்க ஏறுகிறவர்களைப் பணியாளர்கள் கடுமையாகத் தடுப்பார்கள். அது முறையானதே. 2016 செப்டம்பரில் எர்லாங்கன் அருகே கால்வாய்ப் பாலமொன்றில் மோதி ஒரு பயணிகள் கப்பலின் சுக்கான் அறை நசுங்கியது. உள்ளே இருந்த பணியாளர்கள் இருவர் இறந்தனர். பாலத்தின் இரும்பு விளிம்பு தலைக்கு மேல் கையெட்டும் உயரத்தில் போகும். உட்கார்ந்திருப்பவருக்குக்கூடச் சில பாலங்களில் இடம் இருக்காது. அறிவிப்பு வந்தால் உடனே இறங்கிவிடுங்கள், மேலே விட்டுவந்த தொப்பிக்காகத் திரும்ப ஏறாதீர்கள்.

கப்பலைத் தாழ்த்த இன்னொரு வழி, தொட்டிகளில் ஆற்று நீரை நிரப்பிக் கனமாக்குவது. இதனால் எவ்வளவு கிடைக்கும் என்பதைக் கையால் கணக்கிடலாம். 135க்கு 11.4 மீட்டர் கப்பலில், முனைகளின் வளைவைக் கழித்தால், நீர்மட்டத்தில் உள்ள பரப்பு 1,400 சதுர மீட்டருக்கு அருகில் வரும். ஒரு சென்டிமீட்டர் அமிழ சுமார் 14 டன் வேண்டும். பத்து சென்டிமீட்டருக்கு 140 டன். தொட்டிகளின் கொள்ளளவுக்கு எல்லை உண்டு, நிரப்ப நேரமும் ஆகும். கூடவே, பயணத்தின்போது குடிநீரும் எரிபொருளும் செலவாகக் கப்பல் மெல்ல மேலே எழும். 100 டன் குறைந்தால் ஏழு சென்டிமீட்டர். நல்ல கேப்டன்கள் தாழ்ந்த பாலத்துக்கு முந்தைய துறையிலேயே குடிநீர்த் தொட்டியை நிரப்பிக்கொள்வது இதனால்தான். பயணிகளை இறக்கிவிட்டால் கப்பல் மேலும் உயரும் என்று கவலைப்பட வேண்டியதில்லை. 190 பேரும் அவர்கள் பெட்டிகளும் சேர்ந்து இருபது டன் சொச்சம், ஒன்றரை சென்டிமீட்டர்.

இடைவெளி போதுமென்றாலும் எல்லாப் பாலத்துக்கு அடியிலும் நேராகப் புகுந்துவிட முடியாது. வளைவுப் பாலங்களில் முழு உயரம் நடுவில் குறுகிய அகலத்துக்கு மட்டுமே கிடைக்கும். பக்கவாட்டில் சில மீட்டர் விலகினாலும் மேல்தள மூலை உரசும். வெள்ளத்தில் தூண்களுக்கு முன்னால், நீரோட்டம் வரும் பக்கத்தில், நீர் தேங்கி உயரும், தூண்களைச் சுற்றிக் குறுக்கோட்டம் பிறக்கும். கீழ்நோக்கி வரும் கப்பல் அங்கே நிற்க நினைத்தாலும் நிற்காது. பாலத்தில் தொங்கும் பலகைகளைக் கவனித்தால் இது புரியும். ஒரு மஞ்சள் வைரம் இருந்தால் அது பரிந்துரைக்கப்பட்ட கண் (தூண்களுக்கு இடையிலான திறப்பு), எதிரிலும் கப்பல் வரலாம். இரண்டு மஞ்சள் வைரம் என்றால் எதிர்ப்போக்குவரத்து இல்லை. சிவப்பு–வெள்ளை–சிவப்புப் பட்டைப் பலகை உள்ள கண்ணில் நுழையக் கூடாது. ரேகன்ஸ்பர்க்கின் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல் பாலம் இதன் உச்சகட்டம். அதன் குறுகிய கண்களைத் தவிர்க்கவே பெரிய கப்பல்கள் நகரைச் சுற்றிய கால்வாயிலும் லாக்கிலும் போகின்றன.

பாலம் கடக்க முடியாதபோது நிறுவனங்கள் முதலில் பார்ப்பது நேரத்தை. நீர் ஏறப்போகிறது என்று முன்கணிப்பு சொன்னால் ஒரு ஊரை விட்டுவிட்டு இரவோடு இரவாகப் பாலத்தைத் தாண்டிவிடுவார்கள். அட்டவணையில் இருந்த ஊர் காரணம் தெரியாமல் காணாமல் போனால் பெரும்பாலும் இதுதான்; அந்த ஒரு ஊரின் இழப்பு மீதிப் பயணத்தைக் காப்பாற்றியிருக்கும். அந்த வாய்ப்பும் தவறினால் கப்பல் மாற்றம். தடைக்கு இருபுறமும் ஒரே வகைக் கப்பல்கள் இரண்டு நிற்கும். பயணிகள் பேருந்தில் குறுக்கே போய் மாறிக்கொள்வார்கள், பணியாளர்கள் அவரவர் கப்பலிலேயே இருப்பார்கள். பெட்டிகளில் அறை எண் கட்டி அனுப்புவார்கள். பெரும்பாலும் அதே எண் அறைதான் கிடைக்கும். இது சரியாக நடந்தால் அரை நாள் போகும், அவ்வளவே. அந்தத் தடத்தில் ஒரே கப்பல் வைத்திருக்கும் நிறுவனத்தால் இதைச் செய்ய முடியாது. அவர்களிடம் மிஞ்சுவது ஓட்டலும் பேருந்தும். முன்பதிவுக்கு முன், “இதே வாரம் எதிர்த்திசையில் உங்கள் கப்பல் வருகிறதா?” என்று கேளுங்கள். விளம்பரப் புத்தகத்தில் இருக்கும் எந்தப் படத்தையும்விட அந்தப் பதில் முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம்.

தடத்தைத் தேர்ந்தெடுப்பதும் அப்படியே. ஆம்ஸ்டர்டாமிலிருந்து புடாபெஸ்ட் வரை போகும் இரண்டு வாரப் பயணத்துக்கு ரைன், மைன், கால்வாய், டான்யூப் நான்கும் ஒரே சமயத்தில் ஒத்துழைக்க வேண்டும். பாஸாவில் தொடங்கிக் கீழே புடாபெஸ்ட் போகிற பயணமோ அணையில்லாத அந்த எழுபது கிலோமீட்டரைத் தொடுவதே இல்லை. முதல் முறை போகிறவர்களுக்கு, விடுமுறை நாட்கள் குறைவாக உள்ளவர்களுக்கு, இரண்டாவதையே பரிந்துரைப்பேன்.

புறப்படும் பத்து நாளுக்கு முன்பிருந்து பார்க்க வேண்டியவை: டான்யூபின் மேற்பகுதிக்குப் பெல்லிங், ஹோஃப்கிர்ஹன், பாஸாவ், வாக்காவ் பள்ளத்தாக்குக்குக் கீன்ஷ்டாக், ரைனுக்குக் காவ்ப், கோல்ன். ஒரு நாள் எண்ணைவிட மூன்று நாள் போக்கு முக்கியம். வெள்ளம் வேகமாக ஏறும், மெதுவாக வடியும். நேற்று உச்சம் தொட்டது என்றால் இன்று வழி திறக்கும் என்று பொருளல்ல. நிறுவனம் கடைசி நாள் வரை முடிவு சொல்லாதது எரிச்சலூட்டும். ஆனால் பத்து சென்டிமீட்டர் வித்தியாசத்தில் போகலாம், போக முடியாது என்று மாறும் விஷயத்தை ஒரு வாரம் முன்னால் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பணம் பற்றி. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் தொகுப்புப் பயணங்களுக்கு 2015/2302 என்ற நெறிமுறை பொருந்தும். புறப்படும் முன்பே முக்கிய அம்சம் பெரிதாக மாறினால் கட்டணமின்றி விலகலாம். பயணத்தின் நடுவே ஒப்பந்தப்படி சேவை தராவிட்டால் விலைக் குறைப்பு கேட்கலாம். தவிர்க்க முடியாத அசாதாரணச் சூழ்நிலை என்றால் இழப்பீடு மட்டும் கிடைக்காது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, வெள்ளம் என்றால் எதுவுமே கிடைக்காது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எந்த ஊர் விடப்பட்டது, எத்தனை இரவு ஓட்டலில், எத்தனை மணி நேரம் பேருந்தில் என்று அன்றன்றே எழுதி, தினசரி நிகழ்ச்சித் தாளையும் எடுத்து வையுங்கள். வேறு நாட்டில் வாங்கியவர்களுக்கு அந்த நாட்டுச் சட்டமும் ஒப்பந்தமும்தான். காப்பீட்டில் “பயண ரத்து” வேறு, “பயணத் திட்ட மாற்றம்” வேறு. இரண்டாவது இருக்கிறதா என்று பாருங்கள். விமானத்தை ஒரு நாள் முன்னதாகப் பதிவு செய்வது நல்லது. ஏறும் துறை வேறு ஊருக்கு மாறும் வாய்ப்பு எப்போதும் உண்டு.

கைப்பையில் மருந்து, கடவுச்சீட்டு, சார்ஜர், ஒரு மாற்றுடை இருக்கட்டும். கப்பல் மாறும் நாளில் பெட்டி உங்களுக்குச் சில மணி நேரம் பின்னால் வரும். வெள்ளக் காலத்தில் மிதவைத் துறை நீரோடு உயர்வதால் இறங்கும் பலகை செங்குத்தாகச் சாயும். கரைத் துறை மூழ்கினால் ஊருக்கு வெளியே கட்டுவார்கள். இடம் போதாமல் மூன்று நான்கு கப்பல்கள் ஒட்டி நிற்கும்போது மற்றக் கப்பல்களின் வழியே ஏறி இறங்க வேண்டியிருக்கும். மூட்டுவலி உள்ளவர்கள், சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்கள் இதை முன்பே நிறுவனத்திடம் சொல்லி, கப்பல் மாற்றம் நடந்தால் தனி வாகனம் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அறைச் சன்னலுக்கு வெளியே பக்கத்துக் கப்பலின் சன்னல் இருக்கும், ஆகவே திரைச்சீலையை மூடிக்கொள்ளுங்கள்.